பேர் தெரியாத மரம்தான் முதல்ல விழுது!

போன மாசம் பூரா ஷிப்மெண்ட் நெருக்கடி. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் செக்கிங் டேபிள்லயே பொழப்பு ஓடிச்சு, அதான் இந்தப் பக்கம் ஆளைக் காணோம். கண்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பிடுச்சு, நானும் கீபோர்டைத் தூக்கிட்டேன். கொஞ்சம் நீளமான பதிவுங்க, ஒரு டீயை வாங்கி வெச்சுக்கிட்டு உட்காருங்க.

சொல்ல வந்ததை முதல்லயே சொல்லிடறேன். திருப்பூர் சுத்துவட்டாரத்துல ஜியோகேச்சிங் ஆரம்பிக்கணும்ங்கறது என் கட்சி. ஆனா ரெண்டு கண்டிஷன். ஒண்ணு, பெட்டி வைக்கக் கூடாது, மரம்தான் புதையல். ரெண்டு, காட்டுக்குள்ள போகக் கூடாது, நம்ம இட்டேரியில நடக்கணும். இது வெறும் ஞாயித்துக்கிழமை பொழுதுபோக்குன்னு நினைச்சா நான் இவ்வளவு தட்டச்சு செய்ய மாட்டேன். நம்ம பக்கத்து நாட்டு மரங்கள் பாதி, பேர் தெரியாத ஒரே காரணத்தால வெட்டுப்பட்டுக்கிட்டு இருக்கு. அதுதான் விஷயம்.

ஜியோகேச்சிங்னா என்னன்னு கேக்கறவங்களுக்காக ரெண்டு பத்தி. தெரிஞ்சவங்க தாண்டிப் போயிடலாம்.

ஜிபிஎஸ் சிக்னல்ல அமெரிக்க அரசாங்கம் வேணும்னே ஒரு பிழையைக் கலந்து வெச்சிருந்துச்சு. பொதுமக்கள் கையில இருக்கற கருவி நூறு மீட்டர் வரைக்கும் தப்பா காட்டும். 2000-ம் வருசம் மே 2-ம் தேதி அந்தப் பிழையை நிறுத்திட்டாங்க. மறுநாளே, மே 3-ம் தேதி, டேவ் உல்மர்ங்கறவர் ஒரிகான் மாநிலத்துல பீவர்கிரீக் பக்கத்துல ஒரு மரக்கூட்டத்துக்குள்ள வாளி ஒண்ணைப் பாதி புதைச்சு வெச்சார். உள்ளே ஒரு நோட்டு, பென்சில், சில்லறைச் சாமான்கள். இடத்தோட அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்துல போட்டார். விதி ரொம்ப எளிசு: கண்டுபிடி, ஏதாவது எடுத்துக்கிட்டா பதிலுக்கு ஏதாவது வை, நோட்டுல பேரெழுது.

அதே செப்டம்பர்ல ஜெரமி ஐரிஷ் இதுக்குன்னு ஒரு தளம் ஆரம்பிச்சார். இன்னிக்கு உலகம் பூரா முப்பது லட்சத்துக்கு மேல பெட்டிகள் ஒளிஞ்சு கிடக்கு. இந்த ஆட்டம் தெரியாத வேடிக்கை ஜனங்களுக்கு ஹாரி பாட்டர்ல இருந்து எடுத்து 'மகிள்'னு பேரு வேற வெச்சிருக்காங்க. நம்ம ஊர்க் கணக்குல பாத்தா மொத்த திருப்பூருமே மகிள்தான் :-)

அப்படியே பெட்டியைத் தூக்கிட்டு வந்து இங்க வெச்சா என்ன ஆகும்? யோசிச்சுப் பாருங்க. 1998 பிப்ரவரி 14 கோவை குண்டுவெடிப்புக்கு அப்புறம் பஸ்ல ஏறினா சீட்டுக்கு அடியில குனிஞ்சு பாத்து வளர்ந்த ஜனங்க நாங்க. 'அடையாளம் தெரியாத பொருளைத் தொடாதீர்கள்'னு எழுதிப் போட்ட ஊர்ல, பாலத்துக்கு அடியில ஒரு இரும்பு டப்பாவை ஒளிச்சு வெச்சு, அதை ஒருத்தன் செல்போனைப் பாத்துக்கிட்டே தேடினா, அவன் வீட்டுக்குத் திரும்பறது ஸ்டேஷன் வழியாத்தான். போலீஸ்காரங்களைக் குத்தம் சொல்லவும் முடியாது.

பெட்டி ஆசை இருக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், சிவன்மலைக்குப் போங்க. காங்கயம் பக்கத்துல, சுப்பிரமணியசாமி கோயில். அங்க கண்ணாடிப் பெட்டி ஒண்ணு இருக்கு, ஆண்டவன் உத்தரவுப் பெட்டின்னு பேரு. பக்தர் ஒருத்தர் கனவுல சாமி சொன்ன பொருள் எதுவோ, பூக்கேட்டு உத்தரவு வாங்கி, அதை அந்தப் பெட்டியில வைப்பாங்க. அடுத்த உத்தரவு வர்ற வரைக்கும் அதே பொருள் இருக்கும். உள்ள என்ன இருக்குன்னு பாக்கறதுக்கே ஜனங்க மலையேறுவாங்க. டேவ் உல்மருக்கு முன்னாடியே நம்மகிட்ட பெட்டி இருந்திருக்கு!

சரி, காட்டுப்பக்கம் போலாமான்னா, அதுக்கும் என் பதில் 'இப்படிப் போகக் கூடாது'தான். காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம காலெடுத்து வைக்கறது குத்தம். 2018 மார்ச்ல குரங்கணிக் காட்டுத்தீ நடந்தப்ப அந்த மலையில மாட்டிக்கிட்டவங்கள்ல ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்து ஆட்களும் இருந்தாங்க. அந்த வாரம் நம்ம ஊரு எப்படி இருந்துச்சுன்னு இங்க இருக்கறவங்களுக்குத் தெரியும். 2024-ல தமிழ்நாடு அரசு 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு நாப்பது மலைப்பாதைகளை முன்பதிவு, வழிகாட்டியோட திறந்துவிட்டுச்சு. நம்ம மாவட்டத்துக்குச் சின்னாறு சோதனைச்சாவடியில இருந்து கூட்டாறு வரைக்கும் போற பாதை கிடைச்சிருக்கு. போறவங்க அப்படிப் போங்க. அந்தப் பாதையில எதையும் ஒளிச்சு வைக்கற வேலை வேண்டாம். யானை நடக்கற இடத்துல டப்பாவைத் தேடிப் புதருக்குள்ள கைய விடறது வீரம் கிடையாது.

அப்ப எங்கதான் நடக்கறது?

இட்டேரியிலங்க!

கொங்குநாட்டுக்கு வெளிய இருக்கற பதிவர்களுக்கு: ரெண்டு தோட்டத்து வேலிகளுக்கு நடுவுல போற வண்டிப்பாதைக்குத்தான் இட்டேரின்னு பேரு. ரெண்டு பக்கமும் உயிர்வேலி. ஒரு மாட்டுவண்டி போற அகலம். வேலின்னா கம்பி வேலி இல்ல. கிளுவை, கள்ளி, சங்கமுள், சூரைமுள், அதுமேல பிரண்டையும் கோவைக்கொடியும் ஏறிப் படர்ந்திருக்கும். இடையிடையில யாரும் நடாம வளர்ந்த வேம்பு, அரப்பு, வெப்பாலை, நுணா. கீரி குறுக்க ஓடும், கௌதாரி கத்தும். வெள்ளைக்காரன் 'உட்லேண்ட் ட்ரெயில்'னு சொல்றானே, நம்ம வறண்ட பூமியில அதுக்குச் சமமானது இதுதான். ஊட்டிக்கு வண்டி எடுக்கற பெட்ரோல் காசு மிச்சம்.

இட்டேரியை ஒட்டி இன்னொரு அதிசயம் இருக்கு: கொறங்காடு. காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் போனீங்கன்னா பாக்கலாம். விவசாயி தன் சொந்த நிலத்தை மேய்ச்சலுக்குன்னே விட்டு வெச்சிருப்பார். சுத்திக் கிளுவை வேலி, தரையில கொழுக்கட்டைப் புல், மேல அங்கொண்ணும் இங்கொண்ணுமா வெள்வேல மரம். மூணுக்கும் வேலை இருக்கு. கிளுவை ஆட்டை உள்ள நிறுத்தும், புல் வறட்சியைத் தாங்கும், வெள்வேலம் நிழலும் குடுக்கும், காயும் குடுக்கும். ஒரு பட்டி மேய்ஞ்சு முடிஞ்சா அடுத்த பட்டிக்கு மாத்தி ஓட்டிடுவாங்க, அதுக்குள்ள பழைய பட்டியில புல் தலையெடுத்துடும். காங்கயம் மாடு காங்கயம் மாடா இருக்கறதுக்குப் பின்னாடி இந்தக் கொறங்காடுதான் நிக்குது.

ஜியோகேச்சிங்குக்கும் இது லாயக்கான இடம். செல்போன் ஜிபிஎஸ் திறந்த வெளியில சுமார் அஞ்சு மீட்டர் துல்லியம் காட்டும். அடர்ந்த காட்டுல அஞ்சு மீட்டர் வட்டத்துல பத்து மரம் நிக்கும், எந்த மரம்னு சொல்ல முடியாது, இலைக்கூரையும் சிக்னலைக் கெடுக்கும். கொறங்காட்டுல மரத்துக்கு மரம் இடைவெளி விட்டு நிக்கறதால, ஆயம் சொல்ற இடத்துல ஒரே ஒரு மரம்தான் இருக்கும். வேலி ஓரமா இட்டேரியில நின்னே அதைப் பாத்துக்கலாம்.

(ஆயம்னா அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்தான். நம்ம ஊர் 11 டிகிரி 6 நிமிடம் வடக்கு, 77 டிகிரி 20 நிமிடம் கிழக்கு ஒட்டி இருக்கு. நிமிடத்துக்கு அப்புறம் மூணு தசம இடம் போட்டா கடைசி எண் ஒண்ணு மாறினா ரெண்டு மீட்டருக்குள்ளதான் வித்தியாசம்.)

இப்ப பதிவோட முக்கியமான இடத்துக்கு வர்றேன்.

2023-ல எங்க ஊர்ப்பக்கம் ஒரு குட்டையைத் தூர்வாரினாங்க. நல்ல காரியம். சீமைக்கருவேலத்தைப் பூரா எடுக்கறோம்னு சொன்னாங்க, அதுவும் நல்ல காரியம். ஜேசிபி வந்துச்சு. சாயங்காலம் போய்ப் பாத்தா கரையில கிடந்த குவியல்ல சீமைக்கருவேலத்தோட வெள்வேலமும் கிடக்கு, கருவேலமும் கிடக்கு. வெள்வேலம் மட்டும் நாலு. ஒவ்வொண்ணும் ரெண்டு ஆள் கட்டிப்பிடிக்கற மொத்தம். மேற்பார்வை பாத்தவர்கிட்ட கேட்டேன். "எல்லாம் முள்ளு மரந்தானுங்களே"ன்னார். அவர் பொய் சொல்லல. அவருக்கு அது நிஜமாவே அப்படித்தான் தெரிஞ்சிருக்கு.

2017-ல உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டப்ப மாவட்டம் மாவட்டமா இந்த வேலை நடந்துச்சு. 2022-ல தமிழ்நாடு அரசு ஊடுருவும் தாவரங்களுக்குன்னு தனிக் கொள்கையே கொண்டுவந்துச்சு. சீமைக்கருவேலம் போகணும்ங்கறதுல எனக்கு மாத்துக்கருத்து கிடையாது. அமெரிக்கக் கண்டத்துல இருந்து 19-ம் நூற்றாண்டுலயே நம்ம நாட்டுக்கு வந்த மரம், குட்டை குளம்னு பாக்காம எல்லாத்தையும் வளைச்சுப் போட்டிருக்கு. ஆனா அதை எடுக்கற கைக்கு அது எதுன்னு தெரியணும் இல்லீங்களா? உத்தரவு சென்னையிலயோ மதுரையிலயோ வரும். எந்த மரம்னு முடிவு பண்றது குட்டைக்கரையில நிக்கற ஜேசிபி டிரைவர். அவருக்கு யாரும் சொல்லிக் குடுக்கல.

இத்தனைக்கும் வித்தியாசம் ரொம்பச் சுலபம். நாலு மரத்தை மட்டும் எழுதறேன், மனசுல வெச்சுக்குங்க.

சீமைக்கருவேலம்: அடியில இருந்தே பல கிளையாப் பிரிஞ்சு புதரா வரும். கிளை வளைஞ்சு நெளிஞ்சு போகும். பூ, விரல் நீளத்துக்குக் கதிர் மாதிரி, வெளிறிய மஞ்சள்ல தொங்கும். காய் வைக்கோல் நிறம், இனிக்கும்.

வெள்வேலம்: பட்டைதான் அடையாளம், வெளுப்பா இருக்கும். தலை குடை விரிச்ச மாதிரி. பூ உருண்டை, மழைக்காலத்துல கிளை நுனியில கொத்துக்கொத்தா வெண்மஞ்சளாப் பூக்கும், தூரத்துல இருந்து பாத்தா மரத்து மேல மாவு தூவின மாதிரி இருக்கும். காய் தட்டையா, லேசா வளைஞ்சிருக்கும். பட்டையைச் சாராயத்துல போடறதும் உண்டு, அதை விளக்கமா எழுதினா வேற மாதிரி ஆளுங்க பதிவுக்கு வந்துடுவாங்க.

கருவேலம்: பட்டை கறுத்து, ஆழமா வெடிச்சிருக்கும். பூ உருண்டை, பளிச்சுனு மஞ்சள். காய்தான் அழகு, மணி கோத்த மாலை மாதிரி விதைக்கு விதை இடுக்கி இருக்கும், மேல சாம்பல் பூத்த மாதிரி.

வன்னி: பூ சீமைக்கருவேலம் மாதிரியே கதிராத்தான் இருக்கும், இங்கதான் ஏமாறுவோம். முள்ளைப் பாருங்க. மத்ததுக்கெல்லாம் இலைக்கணுவுல ஜோடி முள். வன்னிக்குக் குட்டையான கூம்பு முள், கணுவுக்கு நடுவுல தண்டு பூரா இறைஞ்சு கிடக்கும்.

எங்க ஃப்ளோருக்குத் துணி பேசறதுக்கு ஒரு ராஜஸ்தான்காரர் வருவார். ஒரு நாள் கோயில்ல வன்னி மரத்தைப் பாத்துட்டு "இது எங்க கேஜ்ரி"ன்னு சொல்லித் தொட்டுக் கும்பிட்டார். ராஜஸ்தானோட மாநில மரமே அதுதான். 1730-ல ஜோத்பூர் பக்கம் கேஜர்லிங்கற ஊர்ல இந்த மரத்தை வெட்டவிடாம கட்டிப்பிடிச்சு 363 பிஷ்னோய் ஜனங்க உயிரைக் குடுத்தாங்க. அங்க உயிரைக் குடுத்துக் காப்பாத்தின மரத்தை இங்க முள்ளு மரம்ங்கறோம். கோயிலுக்குள்ள நின்னா தலவிருட்சம், வேலியில நின்னா விறகு.

'போன்லதான் ஆப் இருக்கே, ஒரு போட்டோ எடுத்தாச் சொல்லிடுமே'ன்னு கேப்பீங்க. ஐநேச்சுரலிஸ்ட், பிளாண்ட்நெட் ரெண்டும் நல்ல கருவிங்கதான், நானும் பயன்படுத்தறேன். ஆனா மேல சொன்ன நாலும் பொடிப்பொடியா சிறகு மாதிரி இலை. இலையை மட்டும் படம் எடுத்துக் குடுத்தா ஆப்பு ஒரு நாள் ஒண்ணு சொல்லும், மறுநாள் இன்னொண்ணு சொல்லும். பட்டை, பூ, காய், முள்ளுன்னு நாலும் பாத்து எடுத்துக் குடுத்தாத்தான் சரியா வரும். அந்த நாலையும் பாக்கத் தெரிஞ்சவனுக்கு ஆப்பே தேவைப்படாதுங்கறது வேற விஷயம்.

இங்கதான் எனக்கு நம்ம ஊர் மேல பெரிய நம்பிக்கை. திருப்பூர்க்காரனுக்குக் கண்ணு கூர்மை. ரெண்டு வெள்ளைத் துணியை வெச்சு இதுல ஷேடு அடிக்குதுன்னு டியூப்லைட் வெளிச்சத்துல சொல்ற செக்கிங் அக்காக்கள் ஆயிரக்கணக்குல இருக்காங்க. துணியைக் கையில வாங்கின உடனே சிங்கிள் ஜெர்சியா, இன்டர்லாக்கா, ரிப்பான்னு சொல்லி, ஜிஎஸ்எம்மையும் தோராயமாச் சொல்ற கட்டிங் மாஸ்டர்கள் இருக்காங்க. இவங்களுக்கு வெளுத்த பட்டைக்கும் கறுத்த பட்டைக்கும் வித்தியாசம் சொல்லிக் குடுக்க ஒரு ஞாயித்துக்கிழமை காலை போதும்.

2011 ஜனவரியில சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டப்ப டிடிஎஸ், ஆர்ஓ, ஜீரோ டிஸ்சார்ஜ்னு வார்த்தைங்க டீக்கடை வரைக்கும் வந்து சேர்ந்துச்சு. வேணும்னா இந்த ஊர் எதையும் கத்துக்கும்.

சாயம்னு சொன்னதும் இன்னொண்ணு. இட்டேரியில நிக்கற வெப்பாலைக்குத் தாவரவியல் பேரு ரைட்டியா டிங்க்டோரியா. டிங்க்டோரியான்னா லத்தீன்ல சாயத்துக்கு ஆனதுன்னு அர்த்தம். அதோட இலையில இருந்து நீலச் சாயம் எடுத்திருக்காங்க. பக்கத்துல நிக்கற நுணாவோட வேர்ல சாயம் இருக்கு. சென்னபட்டணா மரபொம்மை செய்யறதும் வெப்பாலை மரத்துலதான். சாயத்துல சம்பாதிச்சு, சாயத்தால நொய்யலைக் கெடுத்து, சாயத்துக்காகக் கோர்ட்டுக்குப் போன ஊர்ல, சாய மரம் எதுன்னு தெரிஞ்சவன் எத்தனை பேரு?

மறுத்துப் பேசறவங்க ரெண்டு விஷயம் சொல்றாங்க, ரெண்டுலயும் நியாயம் இருக்கு.

முதலாவது, 'ஏற்கனவேதான் மரம் நடறாங்களே'. ஆமா. 'வனத்துக்குள் திருப்பூர்'னு 2015-ல ஆரம்பிச்சு லட்சக்கணக்குல நட்டிருக்காங்க, அதுக்குக் கும்பிடு போடறேன். ஆனா நடறது ஒரு வேலை, இருக்கறதை அடையாளம் தெரிஞ்சு விட்டு வைக்கறது இன்னொரு வேலை. கன்னு நடறதுக்கு விழா இருக்கு, போட்டோ இருக்கு. தானா முளைச்சு அறுபது வருசமா நிக்கற வெள்வேலத்துக்கு எந்த விழாவும் இல்ல. சைட் போடறவர் வந்தா முதல்ல அதுதான் போகும். லேபிள் இல்லாத பீஸு ரிஜெக்‌ஷன் மூட்டைக்குப் போற மாதிரிதான்.

ரெண்டாவது, 'சீமைக்கருவேலம் இல்லைன்னா பாய்லருக்கு விறகு எங்க, கரிமூட்டம் போடறவன் சோத்துக்கு எங்க போவான்'. இது சும்மா தள்ளிவிடற கேள்வி இல்ல. சாயப்பட்டறை பாய்லர் விறகுலதான் எரியுது. அதனாலயே சொல்றேன், விறகு வெட்டறவருக்கும் வித்தியாசம் தெரியணும். சீமை எவ்வளவு வேணா வெட்டட்டும், மறுபடி அடியில இருந்து துளிர்த்துடும். வெள்வேலம் அந்த மொத்தத்துக்கு வர ரெண்டு தலைமுறை ஆகும். ரெண்டும் ஒரே எடையில ஒரே விலைக்கு லாரி ஏறறதுதான் அநியாயம்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். ஜியோகேச்சிங்லயே பெட்டி இல்லாத வகை ஒண்ணு இருக்கு, எர்த்கேச்னு பேரு. 2004-ல அமெரிக்க நிலவியல் சங்கம் ஆரம்பிச்சது. அங்க போய்ப் பாறையைப் பாத்து, நேர்ல பாத்தாத்தான் சொல்ல முடியற கேள்விக்குப் பதில் அனுப்பணும். அதையே மரத்துக்குப் பண்ணலாங்கறது என் யோசனை. நாங்க நாலு பேர் ஞாயித்துக்கிழமைகள்ல சோதனை ஓட்டம் பாத்துக்கிட்டு இருக்கோம். இதுவரைக்கும் புரிஞ்ச விதிகள்:

1. ஒரு மரம், ஒரு ஆயம், ஒரு கேள்வி. 'முள்ளு ஜோடியா, இறைஞ்சு கிடக்கா?', 'பட்டையைத் தடவினா கையில மாவு ஒட்டுதா?' இப்படி. கூகிள்ல தேடி எழுத முடியாததாக் கேள்வி இருக்கணும்.

2. ஊர்ப்பேரு முதல்ல. தாவரவியல் பேரு அப்புறம். அரப்பு மரத்தையே உசிலைம்பாங்க, ஊஞ்சம்பாங்க, துரிஞ்சிலும்பாங்க. இலையைப் பொடி பண்ணி எண்ணெய்த்தலைக்குத் தேய்க்கற அதே அரப்புதான். யார் என்ன பேரு சொன்னாலும் எழுதி வைங்க. அந்தப் பேரு சொல்றவங்க வயசு எழுபதுக்கு மேல.

3. மரத்துல ஆணி அடிச்சுப் பேர்ப்பலகை மாட்டாதீங்க. மரத்தைக் காப்பாத்தறேன்னு மரத்தைக் குத்தறது கேவலம்.

4. சந்தன மரத்துக்கு ஆயம் போடவே கூடாது. நாம புதையல்னு போடறது, இன்னொருத்தனுக்கு நிஜமாவே புதையல். ஐநேச்சுரலிஸ்ட்டே அழியும் நிலையில இருக்கற இனங்களோட இடத்தைத் தானா மங்கலாக்கித்தான் காட்டும். நமக்கும் அந்தப் புத்தி வேணும்.

5. காட்டுக்காரர்கிட்ட கேக்காம வேலி தாண்டக் கூடாது. படலைத் திறந்தா சாத்தணும்.

அஞ்சாவது விதியை எழுதினது நாங்க இல்லீங்க. காங்கயம் தாண்டி ஒரு இட்டேரியில ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்த ஆத்தா ஒருத்தர்கிட்ட பேச்சுக் குடுத்தோம்.

"ஏனுங்காத்தா, இது சீமை வேலானுங்களா?"

"யாரு கண்ணு சொன்னது? பட்டை சுண்ணாம்பு அடிச்சாப்ல இருக்குது, கண்ணு தெரியலையா? வெள்ளவேலான். காயி உதிர்ற காலத்துல வந்து பாரு, ஆடு வேற பக்கம் தலை திருப்பாது."

நாங்க ஆட்டத்தை விளக்கினோம். செல்போன்ல நம்பரைப் பாத்து ஆளுங்க இந்த மரத்தைத் தேடி வருவாங்கன்னு சொன்னோம். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் கேட்டாங்க: "எத்தனை பேரு சாமி வருவாங்க? படலைத் திறந்து போட்டுட்டுப் போயிட்டாங்கன்னா எங்க ஆடு சோளக்காட்டுல பூந்துரும். அதுக்கு யாரு பதில் சொல்றது?"

பதில் சொல்ல முடியாத கேள்வி. ஆட்டத்துக்கு வர்றவங்க பத்துப் பேரா இருந்தா நாம பொறுப்பு எடுத்துக்கலாம், நூறு பேர் ஆனா? அதனால இப்போதைக்கு எந்த ஆயத்தையும் பொதுவுல போடறதில்லைன்னு முடிவு பண்ணியிருக்கோம். கூட நடந்து வர்றவங்களுக்கு மட்டும்தான். முதல்ல பொது இடத்து இட்டேரிகள், ஊர்ப் பொதுக் குட்டைக்கரைகள். நஞ்சராயன் குளம் ஆசையாத்தான் இருக்கு. 2024 ஆகஸ்ட்ல ராம்சார் பட்டியல்ல சேர்ந்த குளம், ஆனா பறவைகள் சரணாலயம். அங்க ஆட்டம் வேண்டாம், பைனாகுலரோட போய்ப் பறவை பாத்துட்டு வரலாம்.

இட்டேரிக்கும் நாள் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கு. தார் ரோடு போட அகலப்படுத்தறாங்க, உயிர்வேலியைப் பிடுங்கிட்டுக் கம்பி வேலி போடறாங்க, கொறங்காடு சைட்டாகுது. தறி ஓட்டறவனும் பனியன் தைக்கறவனும் வீடு கட்டத்தான் செய்வான், ரோடு கேக்கத்தான் செய்வான். நானும் அப்படி ஒரு சைட்லதான் குடியிருக்கேன். எல்லாத்தையும் நிறுத்துங்கன்னு கொடி பிடிக்க வரல. ரோடு போடறதுக்கு முன்னாடி வேலியில நிக்கறது எதுன்னு ஒருத்தருக்காவது தெரிஞ்சிருந்தா, ரெண்டடி தள்ளிப் போடுங்கன்னு அளக்க வர்றவர்கிட்ட கேக்கவாவது முடியும். "அந்த மரத்தை விட்டுடுங்க"ன்னு சொன்னா கேக்க மாட்டாங்க. "அது வெள்வேலமுங்க, சீமை இல்லீங்க, உத்தரவுல அது வராது"ன்னு சொன்னா கொஞ்சம் நிப்பாங்க. அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் இந்தப் பதிவு.

உங்க ஊர்ப்பக்கம் இதே மாதிரி குழப்பத்துல வெட்டுப்படற மரம் எதுன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. குறிப்பா ராமநாதபுரம், விருதுநகர், நெல்லைப் பக்கத்துப் பதிவர்கள். வேலமரம் உங்களுக்கு எங்களைவிட நல்லாத் தெரியும். ஊர்ப்பேரோட எழுதினா இன்னும் சந்தோசம்.

பி.கு 1: அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு நடக்கறோம். வர்றவங்க தனிமடல் போடுங்க. செருப்பு வேண்டாம், ஷூ போட்டுட்டு வாங்க. கிளுவை முள்ளு யாருக்கும் தள்ளுபடி குடுக்காது.

பி.கு 2: சிவன்மலைப் பெட்டியில இப்ப என்ன இருக்குன்னு யாரும் என்கிட்ட கேக்காதீங்க. மலையேறிப் போய்ப் பாருங்க, அதானே ஆட்டம் :-))